டூனா பாஸ்தா பேக்: உள்ளே குழைவாக, மேலே மொறுமொறுப்பாக

முதல் தடவை டூனா (சூரை மீன்) பாஸ்தா பேக் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கை தவறும். ஓவனுக்குள் வைக்கும்போது சாஸ் தாராளமாகத் தெரியும். வெளியே எடுத்துக் கரண்டி போட்டால் கேக் மாதிரி கட்டியாக வரும், மீன் மரத்தூளாக உதிரும். இதற்குக் காரணம் பாஸ்தாதான். சேமியா பாயசத்தை இறக்கும்போது ஊற்றும் பதத்தில் இருந்து, அரை மணி கழித்துப் பார்த்தால் கரண்டி நிற்கிற அளவுக்கு இறுகிப் போயிருக்கும் அல்லவா? இங்கும் அதுவேதான் நடக்கிறது. பாஸ்தா ஓவனில் இருக்கிற நேரம் முழுக்கச் சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சாஸ் உள்ளே போகும்போது, "இவ்வளவு தண்ணியா இருக்கே" என்று நீங்கள் தயங்குகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்தக் கணக்கில் போட்டவை.

அமெரிக்க வீடுகளில் இதை முட்டை நூடுல்ஸும் டின்னில் வரும் கெட்டிக் காளான் சூப்பும் சேர்த்துச் செய்து, மேலே உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவுவது பழைய வழக்கம். பிரிட்டனில் வெள்ளை சாஸும் செடார் சீஸும் பாஸ்தாவும் சேர்த்து, பெரும்பாலும் ஸ்வீட்கார்ன் போடுவார்கள். இங்கே சொல்வது பிரிட்டிஷ் முறையைக் கொஞ்சம் புதுப்பித்தது. சூப் டின் கிடையாது. நிஜக் காளானை வதக்கிப் போடுகிறோம். கடுகு சாஸ், எலுமிச்சைத் தோல், கேப்பர்ஸ் (ஊறுகாயாக வரும் சின்னப் பூமொட்டு) மூன்றும் பாலும் சீஸும் கொடுக்கிற திகட்டலை வெட்டிவிடும். மேலே சிப்ஸுக்குப் பதிலாக வெண்ணெயில் புரட்டிய பாங்கோ பிரெட் தூள்.

6 பேருக்கு அளவு. முழு வேலைக்கும் 1 மணி 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

1. டின் லேபிளைப் படித்து வாங்குங்கள்

டின்னின் முகப்பில் இருக்கிற எடையை நம்பாதீர்கள். அது மீனும் திரவமும் சேர்ந்த எடை. உங்களுக்கு வேண்டியது வடித்த எடை. அது பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். பிரிட்டனில் சாதாரணமாகக் கிடைக்கும் 145 கிராம் டின்னில் மீன் 102 கிராம்தான். இந்தச் செய்முறைக்கு வடித்த மீன் 400 கிராம் வேண்டும், அதாவது அப்படிப்பட்ட டின் 4. உங்கள் ஊரில் டின் அளவு வேறாக இருந்தால் வடித்த எடையை வைத்து எண்ணிக்கையைக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து, துண்டின் அளவைப் பாருங்கள். 'ஃபிளேக்ஸ்' என்று போட்டிருந்தால் ஏற்கெனவே தூளான மீன். சாஸில் கரைந்து, கடைசியில் மணம் மட்டும்தான் மிஞ்சும். 'சங்க்ஸ்' அல்லது 'சாலிட்' என்று போட்டதை எடுங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் வாயில் மீன் அகப்படும்.

எண்ணெயில் ஊறியதா, உப்பு நீரில் ஊறியதா? இரண்டும் சரிவரும். எண்ணெய் டின் என்றால் வடித்த எண்ணெயில் 1 மேசைக்கரண்டி எடுத்து வைத்துக் காளான் வதக்கலாம், மணமாக இருக்கும். உப்பு நீர் டின் என்றால் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சாஸில் சேர்த்தால் உப்பு கரிக்கும், மீன் வாடை தூக்கும்.

டின்னின் ஓரத் தையலில் ஆழமாக நசுங்கியதையும், மூடி உப்பியதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் திறக்காமலே குப்பையில் போடுங்கள்.

இலங்கையில் டின் மீன் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது முள்ளோடு வரும் கானாங்கெளுத்தி வகைதான். அது குழம்புக்கும் சம்பலுக்கும் அருமை, இதற்கு ஒத்துவராது. எண்ணெய்ப் பிடிப்பும் வாடையும் பால் சாஸை அமுக்கிவிடும். டின்னே வேண்டாம் என்றால் நல்ல சூரை மீன் கிடைக்கிற இடத்தில் தோலும் முள்ளும் இல்லாத துண்டாக 500 கிராம் வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் மிதமான சூட்டில், தளதளவென்று கொதிக்க விடாமல், உள்ளே சிவப்பு போகும்வரை வேகவைத்து, ஆறவைத்து, பெரிய துண்டுகளாகப் பிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஒரு கணக்கு. டூனாவில் பாதரசம் சேர்வதால், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை அவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 4 டின், ஒரு டின்னுக்கு வடித்த எடை சுமார் 140 கிராம். இந்தத் தட்டில் ஒரு பங்குக்கு 70 கிராம் அளவில்தான் மீன் வரும். 'ஸ்கிப்ஜாக்' என்று போட்ட டின்னில் 'அல்பகோர்' டின்னை விடப் பாதரசம் குறைவு.

2. மற்ற பொருட்களும் செலவும்

பாஸ்தா 350 கிராம். பென்னே, ஃபுசிலி, சிப்பி வடிவம் என்று குழியோ மடிப்போ உள்ளதாக இருக்கட்டும். சாஸ் உள்ளே புகுந்து தங்கும். ஸ்பகெட்டி வேண்டாம். பாக்கெட்டில் 'டூரம் கோதுமை ரவை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மைதாவில் செய்த மலிவு பாஸ்தா இரண்டு தடவை வேகத் தாங்காது, ஓவனிலிருந்து களியாகத்தான் வரும்.

சாஸுக்கு: கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டர், வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், நன்றாக முதிர்ந்த செடார் சீஸ் 150 கிராம், டிஜான் கடுகு சாஸ் 1 மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவியது, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. உப்பு கடைசியில்தான்.

காய்: காளான் 250 கிராம், லீக்ஸ் பெரியது 1, பூண்டு 3 பல், உறைந்த பச்சைப் பட்டாணி 150 கிராம், கேப்பர்ஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, வதக்க எண்ணெய் 1 மேசைக்கரண்டி. லீக்ஸ் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயம் ஒன்று. கேப்பர்ஸ் கிடைக்காவிட்டால் ஊறுகாய் வெள்ளரியைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். இரண்டுக்கும் இங்கே வேலை ஒன்றே: நாலு வாய்க்கு ஒரு தடவை புளிப்பு தட்டுப்பட வேண்டும்.

மேலே: பாங்கோ 60 கிராம், உருக்கிய வெண்ணெய் 25 கிராம், துருவிய செடார் 50 கிராம், பார்ஸ்லி ஒரு கைப்பிடி.

சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். சாஸ் வழுவழுப்பாக வராமல் மணல் மாதிரி நாக்கில் தட்டும். மொசரெல்லாவைச் சாஸுக்குள் போடாதீர்கள், நூல் நூலாக இழுக்கும். மேலே தூவ மட்டும் ஆகும். இந்தியாவில் கியூபாக வரும் புராசஸ்டு சீஸ்தான் கையில் இருக்கிறது என்றால் பரவாயில்லை. அது பிரியாமல் உருகும். முதிர்ந்த செடாரின் சுள்ளென்ற சுவை குறைவு, உப்பு அதிகம், அவ்வளவுதான்.

செலவில் பெரும்பங்கு மீனுக்கும் சீஸுக்கும் போகும். பாஸ்தாவும் மாவும் கணக்கிலேயே வராது. பிரிட்டனில் சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் பொருட்களாக எடுத்தால் செலவு குறையும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் மீனில் ஒரு டின்னைக் குறைத்துப் பட்டாணியைக் கூட்டுங்கள். சீஸில் கை வைக்காதீர்கள்.

3. தட்டையும் ஓவனையும் முதலில் அளந்து பாருங்கள்

23 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர், ஆழம் 5 சென்டிமீட்டர் உள்ள கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு இந்த அளவுக்குச் சரி. ஆழமான சின்னப் பாத்திரத்தில் திணித்தால் நடுப்பகுதி சூடாவதற்குள் ஓரம் வறண்டுவிடும்.

வீட்டில் இருப்பது 25 அல்லது 30 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) என்றால் இந்தத் தட்டு உள்ளே போகிறதா என்று காலியாக வைத்துப் பாருங்கள். பலதில் கதவு மூடாது. அப்படியானால் 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு இரண்டில் பிரித்து, ஒன்றை முதலில் சுட்டு, மற்றதை மறுநாளுக்கு எடுத்து வைக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் சாதாரண முறையில் மேல்பக்கம் சிவக்காது. கன்வெக்‌ஷன் முறை இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

சூடு: சாதாரண ஓவன் 200 டிகிரி செல்சியஸ், காற்றாடி ஓடும் ஓவன் 180 டிகிரி, பிரிட்டிஷ் காஸ் ஓவனில் 6ஆம் எண். ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும். நடுத்தட்டில் வையுங்கள்.

4. வேலை வரிசை

இதில் நேரம் வீணாவது வரிசை தப்பும்போதுதான். பாஸ்தா வெந்து காத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும், சாஸ் காத்திருந்தால் ஆடை படியும். எனவே காய் முதலில். அது காத்திருந்தால் எதுவும் கெடாது. காய் வதங்கும்போதே பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்துவிடுங்கள். பிறகு சாஸ். சாஸில் பால் முழுக்கச் சேர்ந்து கொதி வருகிற நேரம் பாஸ்தாவைத் தண்ணீரில் போட்டால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக முடியும்.

நறுக்கவும் துருவவும் 15 நிமிடம், காய் வதக்க 12, சாஸும் பாஸ்தாவும் 20, ஓவன் 20 முதல் 25, வெளியே இளைப்பாற 5. காய் நறுக்கி முடித்ததும் ஓவனைப் போட்டுவிடுங்கள். பெரிய ஓவன் சூடேற 15 நிமிடமாவது ஆகும்.

5. காளானையும் லீக்ஸையும் வதக்குங்கள்

லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும். முழுசாகக் குழாயடியில் காட்டினால் போகாது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு அடுக்கையும் விரலால் விலக்கிக் கழுவி, அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். மேலே உள்ள கரும்பச்சைப் பகுதி நார் நாராக இருக்கும், அதைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் காளான் துண்டுகளைப் பரப்பி, தீயைப் பெரிதாக வையுங்கள். உப்புப் போடாதீர்கள், முதல் 2 நிமிடம் கிளறவும் வேண்டாம். காளான் தண்ணீர் விடும். அது முழுக்க வற்றி, சத்தம் சலசலப்பிலிருந்து பொரியும் சத்தமாக மாறி, ஓரம் பழுப்பு நிறம் பிடிக்கும்வரை பொறுத்திருங்கள். 6, 7 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு இறக்கினால் மிச்சத் தண்ணீரைக் காளான் ஓவனில் விட்டு, தட்டின் அடியில் சாம்பல் நிற நீர் தேங்கும்.

பிறகு தீயைக் குறைத்து லீக்ஸ், பூண்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து லீக்ஸ் துவளும்வரை 5 நிமிடம் வதக்கி இறக்குங்கள். லீக்ஸ் சிவக்கக் கூடாது, கசக்கும். பட்டாணியை உறைந்த நிலையிலேயே இந்தச் சூட்டில் கொட்டி வைத்தால் போதும். தனியாக வேகவைக்க வேண்டாம்.

6. வெள்ளை சாஸ்

இதில்தான் முழுக் கவனமும் வேண்டும். அடி கனமான, 2 லிட்டருக்குக் குறையாத பாத்திரமாக எடுங்கள். பாலை வேறு பாத்திரத்தில் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஏற்கெனவே காய்ச்சிய பால் என்றால் ஆடையை வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் கட்டி என்று நினைத்துக் கரைக்கப் பாடுபடுவீர்கள்.

மிதமான தீயில் வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் மைதாவை ஒரே தடவையில் போட்டுக் கையெடுக்காமல் கிண்டுங்கள். 2 நிமிடத்தில் பச்சை வாசனை போய், பிஸ்கட் வாசனை வரும். நிறம் மாறத் தேவையில்லை. பொன்னிறமாகிவிட்டால் மாவு கெட்டிப்படுத்தும் சக்தியில் கொஞ்சத்தை இழந்துவிடும்.

இப்போது பால். முதல் கரண்டிப் பால் விழுந்ததும் மாவு சுருண்டு பந்தாகும். பயப்படாதீர்கள், அப்படித்தான் ஆக வேண்டும். அந்தப் பந்து பாலை முழுக்க இழுத்துக்கொண்ட பிறகு அடுத்த கரண்டி. முதல் 200 மில்லியை 4, 5 தடவையாகப் பிரித்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் வழுவழுப்பாகும்வரை விஸ்க்கால் அடியுங்கள். அதற்குப் பிறகு மிச்சப் பாலைப் பெரிய பெரிய அளவாக ஊற்றலாம். மொத்தப் பாலையும் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். மாவு உருண்டையின் வெளிப்பக்கம் வெந்து தோலாகிவிடுவதால் உள்ளே இருக்கிற மாவுக்குப் பால் போகாது. அப்படி ஆகிவிட்டால் அடுப்பை அணைத்து, கையடக்க பிளெண்டரை 20 விநாடி ஓட்டுங்கள், அல்லது கண் சிறிய வடிகட்டியில் ஊற்றித் தேய்த்து எடுங்கள். தூக்கிக் கொட்ட வேண்டியதில்லை.

பால் முழுக்கச் சேர்ந்ததும் கொதி வரும்வரை அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டுங்கள். பாத்திரத்தின் மூலையில்தான் அடிப்பிடிக்கும், அங்கே மரக்கரண்டி போகட்டும். கொதி வந்த பிறகுதான் மாவு முழுசாகக் கெட்டிப்படும். அதற்கு முன் "இன்னும் தண்ணியாக இருக்கிறதே" என்று மாவு கூட்டிவிடாதீர்கள். சின்னத் தீயில் 5 நிமிடம் கொதிக்கட்டும்.

பதம் பார்ப்பது: கரண்டியைத் தோய்த்து எடுத்து, பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஆனால் கரண்டியைச் சாய்த்தால் சாஸ் தாரையாக வழிய வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. இட்லி மாவை விடத் தளர்வு, ரவா தோசை மாவை விடக் கெட்டி. இதைவிடக் கெட்டியாகிவிட்டால் பால் ஊற்றித் தளர்த்துங்கள்.

அடுப்பை அணைத்து, 2 நிமிடம் விட்டு, பிறகு 150 கிராம் சீஸை மூன்று தடவையாகப் போட்டுக் கலக்குங்கள். அடுப்பு எரியும்போதே சீஸ் போட்டுக் கொதிக்கவிட்டால் சீஸின் புரதம் சுருங்கி, கொழுப்பு தனியே கசிந்து மேலே எண்ணெய் மிதக்கும். சீஸ் உருகியதும் கடுகு சாஸ், மிளகு, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல். துருவும்போது மஞ்சள் நிறம் மட்டும் வரட்டும், அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். எலுமிச்சைச் சாறு இந்தக் கட்டத்தில் வேண்டாம். பரிமாறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உப்பு பார்க்கும்போது நினைவில் வையுங்கள்: இன்னும் மீனும் கேப்பர்ஸும் சேரவில்லை. இப்போதே சரியாக இருந்தால் கடைசியில் கரிக்கும். ஒரு மாற்றுக் குறைவாக இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

7. பாஸ்தா: அட்டையில் போட்டதைவிட 3 நிமிடம் குறைவு

மூன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கல் உப்பு போட்டுத் தளதளவென்று கொதித்ததும் பாஸ்தாவைப் போடுங்கள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் 8ஆவது நிமிடம் வடித்துவிடுங்கள். ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: நடுவில் ஊசி முனை அளவுக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும், பல்லில் எதிர்ப்பு இருக்க வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் வேகவில்லை என்றுதான் தோன்றும். மிச்சம் வேகப்போவது சாஸில்.

வடிப்பதற்கு முன் ஒரு குவளை பாஸ்தாத் தண்ணீர் எடுத்து வையுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அந்தக் குவளையை வடிதட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் வடிக்கப் போகும்போது கண்ணில் படும். வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். மேலே இருக்கிற மாவுப் பிசுக்கு போய்விட்டால் சாஸ் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெயும் வேண்டாம்.

8. கலக்குவது

டின்னைத் திறந்து, மூடியாலேயே அழுத்தி, கவிழ்த்து வடித்துக்கொள்ளுங்கள். 4 டின்னிலிருந்தும் சேர்த்து 170 கிராமுக்கு மேல் திரவம் வரும். அது உள்ளே போனால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பதம் வீண்.

பெரிய பாத்திரத்தில் முதலில் பாஸ்தாவும் சாஸும். அடுத்து காய்க் கலவை, அலசி வடித்த கேப்பர்ஸ். இப்போது பதம் பாருங்கள். சாஸ் பாஸ்தாவைச் சுற்றிக் குளமாக நிற்க வேண்டும், பாத்திரத்தைச் சாய்த்தால் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எடுத்து வைத்த பாஸ்தாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, 100 மில்லி வரை விடுங்கள்.

மீன் கடைசி. டின் மீன் டின்னுக்குள்ளேயே வெந்துதான் வருகிறது. இனி அதற்குச் சூடு ஏறினால் போதும், கிளறல் வேண்டாம். துண்டுகளைக் கையால் ஒன்றரை அங்குல அளவில் பிட்டுப் போட்டு, அடியிலிருந்து மேலாக மூன்றே தடவை புரட்டுங்கள். மீன் திட்டுத் திட்டாக இருப்பதுதான் அழகு. இப்போது கடைசியாக உப்பு பார்த்துவிடுங்கள்.

வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். கரண்டியால் அழுத்தித் தட்ட வேண்டாம், இறுகிவிடும். மேற்பரப்பு மேடு பள்ளமாகவே இருக்கட்டும். மேட்டில் மொறுமொறுப்பு, பள்ளத்தில் சாஸ்.

9. மேல்தூவலும் ஓவனும்

பாங்கோவை உருக்கிய வெண்ணெயில் விரலால் பிசறுங்கள், ஒவ்வொரு தூளும் ஈரம் காட்டும்வரை. உலர்ந்த தூளை அப்படியே தூவினால் 25 நிமிடம் கழித்தும் வெளிறிப்போய்த் தொண்டையை அடைக்கும். பிறகு 50 கிராம் சீஸைக் கலந்து மேலே பரப்புங்கள். பார்ஸ்லியை இப்போது சேர்த்தால் கருகும், வெளியே எடுத்த பின் தூவலாம்.

20 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் சாஸ் குமிழியிட்டு, மேலே தேன் நிறம் வந்திருந்தால் முடிந்தது. குமிழி ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் தெரிய வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் 74 டிகிரி பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் போதாவிட்டால் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு 2 நிமிடம், ஆனால் ஓவன் முன்னாலேயே நில்லுங்கள். பாங்கோ பொன்னிறத்திலிருந்து கரிக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. "இன்னும் 10 நிமிடம் இருக்கட்டுமே" என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே எல்லாமே வெந்த பொருள். கூடுகிற ஒவ்வொரு நிமிடமும் சாஸைத்தான் குறைக்கும்.

வெளியே எடுத்து 5 நிமிடம் விடுங்கள், சாஸ் நிலைகொள்ளும். அரை மணி விட்டுவிடாதீர்கள், பாயசக் கதையாகிவிடும். பார்ஸ்லி தூவி, எலுமிச்சைத் துண்டை அவரவர் தட்டில் வைத்துவிட்டால் பிழிந்துகொள்வார்கள். கூட ஒரு பச்சைக் காய் சாலட் போதும். காரம் வேண்டும் என்பவர்களுக்குத் தனி மிளகாய்த் தூள் மேசையில் இருக்கட்டும். சாஸில் மிளகாய் போட்டால் கடுகும் எலுமிச்சையும் மறைந்துபோகும்.

10. முன்கூட்டியே செய்வதும் மிச்சம் வைப்பதும்

முந்தைய நாளே கலந்து வைக்கலாம், ஆனால் பாஸ்தா இரவு முழுக்கக் குடிக்கும் என்பதை மறக்காதீர்கள். கலக்கும்போது கூடுதலாக 150 மில்லி பால் விட்டு, பாஸ்தாவை இன்னும் 1 நிமிடம் குறைத்து வேகவைத்து, ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாங்கோ தனி டப்பாவில். மறுநாள் சுடுவதற்கு அரை மணி முன் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். முதல் 20 நிமிடம் அலுமினியத் தாளால் மூடிச் சுட்டு, பிறகு தாளை எடுத்து, பாங்கோ தூவி இன்னொரு 20 நிமிடம்.

சாப்பிட்டு மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற ஊரில் 1 மணி நேரம்தான் கணக்கு. பாலும் மீனும் சேர்ந்தது, இதில் தாராளம் காட்டாதீர்கள். 3 நாள் தாங்கும். சூடாக்கும்போது ஒரு பங்குக்கு 2 மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, 180 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம். மைக்ரோவேவிலும் ஆகும்; மொறுமொறுப்பு மட்டும் போய்விடும், அதை உலர்ந்த வாணலியில் வறுத்த பாங்கோவைத் தூவிச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு தடவை சூடாக்கியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், வேண்டிய பங்கை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

ஃப்ரீசரில் 2 மாதம் வைக்கலாம். சுடுவதற்கு முன்னால், பாங்கோ இல்லாமல், ஒரு வேளைக்கு ஆகிற அளவில் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, மேலே தேதி எழுதி வையுங்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். உருகியதும் சாஸ் திரிந்த மாதிரி தெரியும். கொஞ்சம் பால் விட்டு மெதுவாகக் கிளறிச் சூடேற்றினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் ஓவன் தட்டுக்கு மாற்றிப் பாங்கோ தூவ வேண்டும்.